நகரத்தின் முதுகுப் பக்கம்: கயாக் பற்றி வாசகர் கேள்வி பதில்

போன இதழில், திருகோணமலை டச் பே கடற்கரையிலிருந்து, கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையடிப் பக்கம் கயாக்கில், அதாவது துடுப்பால் வலிக்கிற ஒடுங்கிய சின்னப் படகில், போய் வந்ததை அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் அரைப் பக்கத்தில் அடங்காது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை, ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணா, அங்குள்ள நகரத்து ஆற்றில் கயாக் ஓட்டுகிற வீடியோக்களை அனுப்புவார். பாலத்துக்குக் கீழால், பழைய தொழிற்சாலைகளின் பின்னால் என்று போகிறார். எங்கள் ஊரில் ஆறே இல்லையே, இங்கே பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகி, உவர்மலை

உண்மைதான், திருகோணமலை நகருக்குள் ஆறு இல்லை. ஆனால் நீங்கள் உவர்மலையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குச் சிரிப்பு. உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் ஒரு பக்கம் உட்துறைமுகம் தெரியும், இன்னொரு பக்கம் திரும்பினால் திறந்த கடல். நகரமே தண்ணீருக்கு நடுவே ஒரு கழுத்துப் போல நீட்டிக்கொண்டு கிடக்கிறது. மற்ற ஊர்களில் ஆறு செய்கிற வேலையை இங்கே குடாக்கள் செய்கின்றன. வடக்கே பேக் பே, கிழக்கே டச் பே, மேற்கே உட்துறைமுகம்.

அண்ணா அனுப்புகிற வீடியோவில் உங்களுக்குப் பிடித்தது ஆறா, அல்லது நகரத்தின் முதுகைப் பார்க்கிறதா? எனக்கு இரண்டாவதுதான். வீதியால் போகும்போது கடைகளும் வீடுகளும் முகத்தைக் காட்டும், பவுடர் பூசிய முகம். தண்ணீர்ப் பக்கத்தால் போனால் கொடியில் காய்கிற சாரம், உடைந்த பிளாஸ்டிக் கதிரை, கொல்லைச் சுவர், சமையலறைப் புகை, எல்லாம் தெரியும். டச் பேயில் விடியப்புறம் ஐந்தே முக்காலுக்கு இறங்கினால், கரையிலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளியே கோட்டைப் பக்கம் போகலாம். இடது கையில் ஃபிரெட்ரிக் கோட்டையின் மதில். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லையும் போட்டுக் கட்டிய கோட்டை இது, பிறகு ஒல்லாந்தர் கை, பிறகு ஆங்கிலேயர் கை, 1803இல்தான் இந்தப் பெயர். வாசல் வழியாக எத்தனை தடவை நடந்து போயிருப்போம், ஆனால் மதிலின் அடிக்கல்லைத் தண்ணீரிலிருந்துதான் பார்க்க முடிகிறது. ஒரு இடத்தில் கல் இடுக்கில் ஆல் ஒன்று முளைத்து, மண்ணைத் தேடி வேர் நாலைந்து முழம் கீழே இறங்கி, உப்புத் தண்ணீருக்குச் சரியாக ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. அதற்குத் தெரிந்திருக்கிறது, எங்கே நிற்க வேண்டும் என்று. நான் போகிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சாணை அளந்து பார்ப்பேன்.

அப்புறம் மான். கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்கள் ஊருக்குள்ளும் வருவது நமக்குப் புதிதில்லை. ஆனால் குப்பைத் தொட்டியடியில் பார்க்கிற மானும், மணலில் தனியாக நின்று நம்மை உற்றுப் பார்க்கிற மானும் ஒன்றல்ல. துடுப்புச் சத்தம் இல்லாமல் விட்டால் அது ஓடாது.

அழகில்லாததும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வடிகான் கடலில் விழுகிற இடங்களில் தண்ணீரில் ஒரு கோடு தெரியும். இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் சாம்பல். மழை பெய்த மறுநாள் அந்தக் கோடு வெகுதூரம் நீளும், ரெஜிஃபோம் துண்டும் சொப்பிங் பையும் அதன் வழியே வரிசையாக மிதக்கும். வீதியில் நின்று பார்த்தால் கான் ஒரு மூலையில் போய் மறைந்துவிடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். கயாக்கில் இருக்கிறவனுக்கு அது மறைகிற இடம்தான் கண்முன்னே.

சுவாமி மலையின் செங்குத்துப் பாறைக்குக் கிட்டப் போகாதீர்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் அந்தப் பாறையடியில் மூழ்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோருக்கும் கிட்டப் போய் எட்டிப் பார்க்க ஆசை. ஆனால் அலை பாறையில் மோதித் திரும்பி, வருகிற அலையோடு முட்டும்போது தண்ணீர் அங்கே கொதிக்கிற மாதிரிக் குதிக்கும், எந்தப் பக்கத்திலிருந்து தள்ளும் என்று சொல்ல முடியாது. நூறு மீற்றர் தள்ளி நில்லுங்கள். கோயில் மணி அவ்வளவு தூரத்துக்கும் கேட்கும்.

உட்துறைமுகத்தில் இறங்கலாமா என்றும் கேட்பீர்கள். அது கடற்படைத் தளமும் கப்பல்களும் உள்ள இடம், நினைத்தவுடன் இறங்குகிற குளம் இல்லை. முதலில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் மொட்டை மாடியே போதும்.

எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், பள்ளிக்கூடக் காலத்தில் பரிசு வாங்கியவன். லைஃப் ஜாக்கெட் வெக்கையாக இருக்கிறது. கட்டாயமா?
– வாசகர், லிங்கநகர்

கட்டாயம். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவை, கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இறந்தார்களே, அது நடுக்கடல் இல்லை, இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் நிற்கிற ஆளை அடையாளம் தெரிகிற தூரம். கயாக்கின் விளிம்போ துடுப்போ தலையில் பட்டு மயங்கினால் உங்கள் பரிசுக் கிண்ணம் வந்து தூக்காது தம்பி. கயாக்கின் பின்னால் கட்டி வைப்பதும் போடாததற்குச் சமம், கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் நின்று அதை மாட்டிப் பாருங்கள், தெரியும். வெக்கைக்கு மருந்து, நேரத்தோடு போய் எட்டரைக்குள் கரையேறுவதுதான்.

ஜூலையில் குடும்பத்தோடு உப்புவெளியில் தங்கினோம். காலை பத்து மணிக்குக் கடல் தட்டுப் போல அமைதி. வாடகைக்கு ஒரு கயாக் எடுத்துப் போனேன். போகும்போது ஒரு கஷ்டமும் இல்லை, திரும்பி வர உயிர் போய்விட்டது. அலையே இல்லாத கடலில் ஏன் இப்படி?
– வாசகர், யாழ்ப்பாணம்

வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைத் தள்ளியது கச்சான். கொறிக்கிற கச்சான் இல்லை, காற்று. யாழ்ப்பாணத்தில் நீங்கள் சோளகம் என்று சொல்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுத்தான் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மலையிறங்கி, காய்ந்து, சூடாகி, இங்கே கிழக்குக்கு வந்து சேர்கிறது. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும். எங்கள் ஊரில் அது தரையிலிருந்து கடலுக்கு வீசும். இந்தத் திசையில்தான் பொறி இருக்கிறது.

அலை வளர்வதற்குக் காற்றுக்குத் தண்ணீரில் ஓட இடம் வேண்டும். கரையடியில் காற்று அப்போதுதான் தண்ணீரைத் தொடுகிறது, அதனால் அலை எழும்ப நேரமில்லை. தென்னையும் ஹோட்டல் கட்டடமும் காற்றை மறைப்பதால் முதல் நூறு மீற்றரில் காற்றே இல்லை என்று தோன்றும். அதைத் தாண்டியதும் முதுகில் ஒரு கை வைத்த மாதிரி இருக்கும். ஆகா, இன்றைக்கு என் கைக்கு நல்ல பலம் என்று நினைப்பீர்கள். திரும்பினால்தான் தெரியும் அது யாருடைய பலம் என்று.

எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. கயாக் வாங்கிய முதல் வருசம், ஓகஸ்ட் மாதம், திருக்கடலூர்ப் பக்கம் பேக் பேயில் இறங்கினேன். வானத்தில் பஞ்சு கூட இல்லை. கரைவலை இழுக்கிறவர்களைப் படம் எடுக்கத் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐந்து நிமிடம் இருக்குமோ, நிமிர்ந்தால் வலை இழுக்கிற ஆட்கள் எறும்பாகிவிட்டார்கள். திரும்பித் துடுப்பு வலித்தேன். இருபது நிமிடம் வலித்தும் கோட்டை முனை அதே இடத்தில் நிற்கிறது. வாய் காய்ந்து, கையில் கொப்புளம் உடைந்து, தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் கூடத் துடுப்பை விட முடியாது, விட்டால் பத்து மீற்றர் போய்விடும். சூடை வலைக்குப் போய்த் திரும்பிய வள்ளம் ஒன்று கிட்டே வந்து, எஞ்சினைக் குறைத்து, முன்பக்கம் அணியத்தில் நின்ற ஐயா கேட்டார்: "தம்பி, எங்க போறீங்க? அந்தமானுக்கா?" வரைபடத்தைப் பிறகு பார்த்தேன், நேர் கிழக்கே போனால் நிக்கோபார்தான் வரும், ஐயா சொன்னதில் பெரிய பிழை இல்லை. கயிறு எறிந்து இழுத்து வந்து விட்டார். காசு வாங்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார், "காத்து எங்கால வருதோ அங்கால முதல்ல போங்க."

அதுதான் முழுப் பாடமும். போகும் பாதியில் காற்றுக்கு முகம் கொடுத்துக் கஷ்டப்படுங்கள், திரும்பும் பாதியில் காற்று உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். நம் கரையில் கச்சான் நாளில் இது முடியாது, ஏனென்றால் காற்றுக்கு முகம் கொடுத்தால் ஹோட்டல் வரவேற்பறைக்குத்தான் போவீர்கள். அதனால் கச்சான் நாளில் கரையை ஒட்டியே போங்கள், தண்ணீர் இடுப்பளவு உள்ள இடத்தில். கரையில் தென்னோலை எந்தப் பக்கம் பறக்கிறது என்று இறங்க முன் ஒரு தரம் பாருங்கள். அலையைப் பார்க்காதீர்கள், அலை பொய் சொல்லும். கரையில் நிற்கிறவனுக்கு வெளியே போகிற அலையின் முதுகுதான் தெரியும், வெள்ளை நுரை அந்தப் பக்கம்.

மாட்டிக்கொண்டால்? கயாக்கை விட்டு நீந்தாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும். முன்னால் குனிந்து உடம்பைச் சின்னதாக்கி, சின்னச் சின்ன வலிப்பாக, நேரே கரைக்கு இல்லாமல் கிட்டத்தில் உள்ள முனைக்குச் சரிவாகப் போங்கள். விசில் கழுத்தில் இருக்க வேண்டும். போன் தண்ணீர் புகாத பையில், உடம்போடு.

நல்ல காலம் கேட்டால், மாரி முடிந்து கச்சான் தொடங்க முன், மார்ச்சும் ஏப்ரலும். நவம்பரிலிருந்து வாடைக் காற்று நேரே பேக் பேக்குள் அலையை ஏற்றும், அந்த மாதங்களில் என் கயாக் வீட்டுப் பின்புறத்தில் கவிழ்ந்து கிடக்கும், கீழே பூனை குட்டி போட்டிருக்கும்.

கிண்ணியாப் பாலத்துக்குக் கீழால் போகலாமா? தூரத்தில் பார்க்கத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது.
– வாசகர், கிண்ணியா

போகலாம், நேரம் பார்த்து. எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர் கூட இல்லை, அதனால் திறந்த கடலில் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தம்பலகாமக் குடா பரந்து கிடக்கிற இடம், அதற்குள் போகிற வருகிற தண்ணீரெல்லாம் பாலத்தடியில் உள்ள ஒடுக்கமான வாயால்தான் போய்வர வேண்டும். புனலில் எண்ணெய் ஊற்றுகிற கதை. சாதாரணமாக வலிக்கிற ஆள் மணிக்கு நாலைந்து கிலோமீற்றர் போவார். எதிரே மூன்று கிலோமீற்றர் வேகத்தில் தண்ணீர் வந்தால் மிச்சம் என்ன என்று நீங்களே கழித்துப் பாருங்கள். தூணைச் சுற்றித் தண்ணீர் வகிடு எடுத்த மாதிரிப் பிரிந்தால் ஓட்டம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். ஓட்டம் வருகிற பக்கத்தில் தூணுக்கு நேர் முன்னால் மட்டும் போகாதீர்கள், ஓட்டம் கயாக்கைத் தூணில் குறுக்காக அணைத்து வைத்துவிடும்.

396 மீற்றர் நீளப் பாலம், 2009இல் திறந்தார்கள், அதுவரைக்கும் அங்கே பாதையில் ஏறி வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும் அந்தத் தண்ணீர் எப்படி இழுக்கும் என்று. உங்கள் வாப்பாவிடம் கேளுங்கள், என்னை விட நன்றாகச் சொல்வார்.

குடாவுக்குள் போனால் கண்டல் கரையோரமாக மெதுவாகப் போங்கள். ஆழம் இல்லாத இடங்களில் துடுப்பு சேற்றில் பட்டுத் தட்டையான ஒரு சிப்பி மேலே வரும், உள்ளங்கை அளவு, அப்பளம் போல மெல்லிசு, வெயிலுக்கு நேரே பிடித்தால் விரல் நிழல் அந்தப் பக்கம் தெரியும். முன்னொரு காலத்தில் இந்தச் சிப்பிக்குள் இருக்கிற சின்ன முத்துக்காக இந்தக் குடாவில் முத்துக் குளிப்பே நடந்திருக்கிறது. உயிரோடு இருப்பதைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

மூதூர்ப் பக்கம் மகாவலி முகத்துவாரத்துக்குக் கயாக்கில் போக நண்பர்களோடு திட்டம். ஆலோசனை?
– வாசகர், மூதூர்

முதலில் முதலை. மகாவலியின் கீழ்ப்பகுதியில் முதலை இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் நண்பர்கள் கொழும்பிலிருந்து வருகிறார்கள் என்று கடிதத்தில் இருந்ததால் சொல்கிறேன். கலங்கல் தண்ணீர், கண்டல், மாடு தண்ணீர் குடிக்கிற இறக்கம், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் கால் வைக்காதீர்கள். கையைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டு செல்ஃபி வேண்டாம். அந்தி வேளையில் அங்கே இருக்கவே வேண்டாம்.

அடுத்தது வாய். 335 கிலோமீற்றர் ஓடி வருகிற ஆறு கொட்டியாரக் குடாவில் விழும்போது கொண்டுவந்த மணலையெல்லாம் அங்கேதான் இறக்குகிறது. மணல் மேடு இந்த வருசம் இருந்த இடத்தில் அடுத்த வருசம் இருக்காது. வெளியே ஓடும் ஆறும் உள்ளே வரும் அலையும் அந்த மேட்டில் முட்டினால் அலை கிட்டக்கிட்டவாக, செங்குத்தாக எழும்பும். கூகுள் படத்தை நம்பாமல், அன்றைக்குக் காலையில் அந்த வாயால் வந்த வள்ளக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கேட்கும்போது வலை எங்கே போட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள். அவர்களுடைய சீவியம் அது, உங்கள் துடுப்பில் சிக்கினால் அறுக்கிறதற்குக் கத்தியை எடுக்காதீர்கள், கையால் கழற்றுங்கள்.

காற்றுக்கு மாட்டுப்பட்டுக் கொட்டியாரத்துக்கு வந்தவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை என்பதும் ஒரு ஆறுதல். 1659 நவம்பரில் மசூலிப்பட்டணத்துப் பக்கம் புயலில் பாய்மரம் போன ஆங்கிலக் கப்பல் ஒன்று, மரம் தேடி இந்தக் குடாவுக்குத்தான் வந்தது. அதில் வந்த ரொபேர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, தப்பிப் போக ஏறத்தாழ இருபது வருசம் ஆனது. நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள்.

எனக்கு 52 வயது. முழங்கால் வலி. மகள் வாங்கி வைத்த கயாக் வீட்டில் சும்மா கிடக்கிறது. பழகலாமா? பார்க்கிறவர்கள் சிரிப்பார்களோ என்றும் இருக்கிறது.
– வாசகி, நிலாவெளி

பழகலாம் அக்கா. மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை என்றால் முழங்காலை மடக்கத் தேவையில்லை, வயல் வரம்பில் காலை நீட்டி இருப்பது போலத்தான். கஷ்டம் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான். முழங்கால் அளவு தண்ணீரில் கயாக்கை நிறுத்தி, முதலில் பின்பக்கத்தை இருக்கையில் வைத்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுங்கள். நின்றுகொண்டு ஒரு காலை உள்ளே வைத்தால் கவிழ்வது நிச்சயம்.

கையால் மட்டும் வலித்தால் தோள் பத்து நிமிடத்தில் முறைப்பாடு செய்யும். அம்மி அரைக்கும்போது கை மட்டுமா ஆடுகிறது, இடுப்பிலிருந்து உடம்பே போய் வருகிறதல்லவா, அந்த அசைவை அப்படியே பக்கவாட்டில் திருப்பினால் அதுதான் சரியான வலிப்பு. அம்மியில் அரைத்த தலைமுறைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும், ஜிம்முக்குப் போகிற பெடியன்களுக்குத்தான் ஒரு கிழமை எடுக்கிறது.

முதல் நாள் வேண்டுமென்றே கவிழுங்கள், மகள் பக்கத்தில் நிற்க, நெஞ்சளவு தண்ணீரில். திரும்ப ஏறிப் பழகுங்கள். வயிற்றைக் குறுக்காகப் போட்டு, உருண்டு, உட்கார வேண்டும். வடிவாக இருக்காது. சுடிதார் துப்பட்டாவை வீட்டில் விட்டுவிடுங்கள், கழுத்திலும் துடுப்பிலும் சுற்றும், நீளக்கை ரீசேட்டும் லெகிங்ஸும் போதும், வெயிலுக்கும் நல்லது. சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். கரையிலிருந்து இருநூறு மீற்றர் போனால் அந்தச் சத்தம் கேட்காது.

பழைய கயாக் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், தம்பலகாமம்

கவிழ்த்துப் போட்டு அடியைப் பாருங்கள். மணலில் இழுத்து இழுத்துக் கடையார்ப் பக்கம், அதாவது பின்பக்கம்தான் முதலில் தேயும், விரலால் அமுக்கினால் குழிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் வேண்டாம். தண்ணீர் வடிகிற துளைகளைச் சுற்றி மயிர் போல வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் பார்க்கவும். நிறம் வெளுத்து, நகத்தால் சுரண்டினால் மா மாதிரி வந்தால் வருசக்கணக்கில் வெயிலில் கிடந்தது. உள்ளே சேர்கிற தண்ணீரைத் திறந்துவிடுகிற ஓட்டைக்குத் தக்கை இருக்கிறதா, பூட்டினால் இறுகுகிறதா? எனக்கு விற்றவர் தக்கைக்குப் பதில் சவர்க்காரத் துண்டு செருகியிருந்தார், அது கரைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைக் கரையிலிருந்து முந்நூறு மீற்றரில் தெரிந்துகொண்டேன்.

இருபத்தைந்து கிலோ வரும், ஓட்டோவின் மேல் கட்டலாம் என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள்.

புறாமலைக்குக் கயாக்கில்?
– பலர்

நிலாவெளிக்கு எதிரே உள்ள அந்தத் தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, டிக்கெட் எடுக்காமல் இறங்க முடியாது. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், ஆனால் அந்த ஒரு கிலோமீற்றரும் கச்சானுக்குச் சொந்தம், அதோடு சுற்றுலாப் படகுகள் வேகமாக ஓடுகிற வழி. படகில் போங்கள். பவளப் பாறையில் மிதிக்காதீர்கள்.

எங்கள் ஊரில் முழுநிலவில் தோணியில் போய் மீன் பாடுவதைக் கேட்போம். திருகோணமலையில் நிலவு வெளிச்சத்தில் கயாக் ஓட்டலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

ஓட்டக்கூடாது. விளக்கில்லாமல் வருகிற வள்ளத்துக்கு உங்களைத் தெரியாது, இரவு வலையின் மிதவை உங்களுக்குத் தெரியாது, கடற்படைக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. உங்கள் வாவி வேறு, எங்கள் கடல் வேறு. அடுத்த பௌர்ணமிக்கு நான் கல்லடிப் பாலத்தடிக்கு வருகிறேன், தோணியில் ஒரு இடம் வையுங்கள், துடுப்பை நீங்கள் பிடித்தால் போதும்.